நாற்பதில் ஐம்பத்தெட்டு

பள்ளிக்கூட வாசலில் நாற்பதில் போகவேண்டியவள்
ஐம்பத்தெட்டில் போனேன். கேமரா பார்த்துவிட்டது.
பழைய புள்ளிகளையும் கூட்டி
மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றார்கள்.

ஒன்பது வருடமாக இந்த ஊரில்
இரத்தம் சுமக்கிறவள் நான்.
கிளினிக் கிளினிக்காகச் சின்னக் குழாய்களை வாங்கி
பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி
வெஸ்ட்மீட் ஆய்வுகூடத்தில் இறக்குவேன்.
ஆகையால் எனக்குத் தெரிந்த பரமட்டா
முழுக்க முழுக்கப் பின்கதவு.
குப்பைத்தொட்டி, அழைப்பு மணி,
ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதே என்ற பலகை.

செவ்வாய்க்கிழமை, வேலையற்ற பகல்.
அட்டையைத் தொட்டுவிட்டு ட்ராமில் ஏறினேன்
போகுமட்டும் போகட்டும் என்று.
கிடைத்தது ஓட்டுநருக்கு முதுகு காட்டும் இருக்கை.
வருவது தெரியாது, போனது மட்டும் தெரியும்.
வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடியது.

நான்காவது நிறுத்தத்தின் பெயர் ஙாரா.
ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல்!
அரிச்சுவடியில்
சங்கின் நடுவே ஒட்டுக்குடியிருந்த அந்த எழுத்து
இங்கே தனி வீடு கட்டி
வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறது.
தாருக் மொழியில் கேட்பது, நினைப்பது என்று பொருளாம்.
கேட்டேன். ஆற்றங்கரை மரங்களில்
பகல் தூக்கத்தில் சண்டை போடும் வௌவால்கள்.
இந்த வழியால் தினம் நாலு தரம் போனவள்.
என் வானில் எப்போதும் செய்தி ஓடும்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் நிமிர்ந்து பார்த்தால்
தலைக்கு மேலே கம்பி இல்லை.
பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
கைபேசியிலிருந்து கண் எடுக்காமல், "பேட்டரி" என்றாள்.
அவ்வளவுதான். கொஞ்ச தூரம்
சேர்த்து வைத்ததிலேயே ஓடுகிறது.
வறுத்த பூண்டு மணம் ஒரு கதவால் ஏறி
மறு கதவால் இறங்கிப் போனது.

சதுக்கத்தில் ஒருவர் ஏறினார்,
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி.
எனக்குப் பரிச்சயமான பஞ்சு.
அதற்கு மேல் ஒரு தோளும்,
சரியாகச் சவரம் செய்யாத முகமும் இருக்கும் என்று
நான் யோசித்ததில்லை.
குழாயில் கோடுகள்தான் இருக்கும்.
"வியாழன் சொல்வார்களாம்" என்று
யாருக்கோ ஆங்கிலத்தில் சொன்னார்.
பிறகு, "இல்லை, ஒன்றும் இருக்காது" என்றார்,
இரண்டு தரம்.

அடுத்த சந்தியில் எங்களுக்கு வழிவிட்டு
சிவப்பில் நின்றது ஒரு வெள்ளை வான்.
பின்பக்க நெளிவு நான் போட்டது.
உள்ளே கஸ்ஸான்,
ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி
நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.
கை காட்டினேன். காணவில்லை.
இந்த மனிதரின் இரத்தம் அதில் இருக்கலாம்.
அது மேற்கே போகிறது, இவர் கிழக்கே.
சொல்லத்தான் நினைத்தேன்:
ஐயா, பத்திரமாகப் போகும், அவன் நல்ல ஓட்டுநர்,
என்னைவிட.

டண்டாஸ் தாண்டி ஏற்றம்.
மறுபடி பின்கதவுகள்,
ஆனால் மணி வைக்காதவை.
கொடியில் ஒரு கராத்தே உடுப்பு உதைத்துக்கொண்டிருந்தது.
வேலியோரம் கவிழ்த்த நீச்சல் தொட்டி.
காலுறையோடு படியில் உட்கார்ந்து
தர்பூசணி தின்னும் ஒரு தாத்தா
விதையை எங்கள் பக்கமாகத் துப்பினார்.
டெலோபியாவில் அவர் இறங்கினார்.
பஞ்சு இருக்கையில் கிடந்தது,
நடுவில் மிளகளவு சிவப்பு.

கார்லிங்ஃபோர்ட், கடைசி நிறுத்தம்.
நான் எழும்பவில்லை.
ஓட்டுநர் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி
நடைமேடை நீளத்துக்கு நடந்து
மற்ற முனைக்குப் போனார்.
அதே இருக்கை. இப்போது
எதிரே வருவதெல்லாம் தெரிந்தது.
தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் விட்டிருக்கவேண்டும்,
மஞ்சள் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

கால் மறுபடியும் பிரேக்கைத் தேடியது.